வேக தேவனுக்குக் காணிக்கை

நியூஜீலந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அங்கே ஒரு சிறு பட்டறை. அதன் அலமாரித் தட்டில் வெடித்த பிஸ்டன்களும் முறிந்த கனெக்டிங் ராடுகளும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குப் பட்டறைக்காரர் சூட்டியிருந்த பெயர், 'வேக தேவனுக்குக் காணிக்கைகள்'!

பர்ட் முன்ரோ என்பது அவர் பெயர். பகலில் மோட்டார் சைக்கிள் விற்பனை. இரவில் இந்தப் பட்டறை வாசம். 1920-ல், தமது 21-வது வயதில், 'இந்தியன் ஸ்கவுட்' என்ற மோட்டார் சைக்கிளை வாங்கினார். பெயரைப் பார்த்து நம் நாட்டு வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் தயாரானது அது. 600 சி.சி. எஞ்சின்; முடுக்கினால் மணிக்கு 55 மைல் போகும். வேறொருவராயிருந்தால் சில வருஷம் ஓட்டிவிட்டு வந்த விலைக்குத் தள்ளியிருப்பார். முன்ரோவோ அதே வண்டியைப் பல்லாண்டுகள் விடவில்லை.

வேகத்தைக் கூட்டப் புதுப் பாகங்கள் வேண்டும். வாங்கப் பணம் ஏது? பழைய தகர டப்பாக்களையே அச்சாக வைத்து அவரே பாகங்களை வார்த்தார். சிலிண்டர் பேரலுக்குப் பழைய வார்ப்பிரும்பு காஸ் குழாய். கனெக்டிங் ராடுக்கு டிராக்டரின் அச்சுத் தண்டு. அதைக் கையாலேயே ராவி ராவி உருவாக்கினார். நுட்பமாக அளக்க மைக்ரோமீட்டர் வேண்டாமா? அதற்கும் ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பி போதுமானதாயிருந்தது!

இதெல்லாம் சிக்கன விளையாட்டு என்று எண்ணிவிடக் கூடாது. பிஸ்டனை வார்ப்பது விளையாட்டே அல்ல. அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. ஊற்றியபின் ஆறும்போது சுருங்குகிறது. ஆகவே அச்சு சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்; பிறகு லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். உருகிய உலோகத்தில் காற்றுக் குமிழி ஒன்று சிக்கிக்கொண்டால் வெளியிலிருந்து பார்க்கிற கண்ணுக்குத் தெரியாது. ஓட்டத்தின் நடுவே, அந்த இடத்தில்தான் பிளக்கும்.

சரியாக வார்த்தாயிற்று, கடைந்தாயிற்று. தீர்ந்ததா தொல்லை? இல்லை. சூடேறினால் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரிவடையும். 75 மில்லிமீட்டர் அகலப் பிஸ்டன் 200 டிகிரி கூடுதல் சூட்டில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். சிலிண்டரோ அவ்வளவு பருக்காது. இடைவெளி குறைவாக விட்டால் பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அதிகமாக விட்டால் ஆவி கசிந்து சக்தி வீணாகும். கனெக்டிங் ராடு முறிந்தாலோ எஞ்சின் பெட்டியையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். அந்தப் பெட்டி இருப்பது ஓட்டுகிறவனின் இரு கால்களுக்கும் நடுவே!

இந்த எஞ்சினைத்தான் முன்ரோ அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார். யூட்டா மாகாணத்தில் பான்வில் என்னும் வறண்ட உப்புவெளி இருக்கிறது. பல மைல் தூரம் தட்டையான பூமி. எதிரெதிர்த் திசையில் இருமுறை ஓட்டி, சராசரி எடுத்தால்தான் சாதனை என்று ஒப்புக்கொள்வார்கள். 1962-ல் 883 சி.சி. பிரிவில் 178.95 மைல் வேகம் கண்டார்.

1967-ல் மறுபடி வந்தபோது அவருக்கு வயது 68. எஞ்சின் 950 சி.சி.யாகப் பெருத்திருந்தது. ஓர் ஓட்டத்தில் வண்டி பாதி வழியில் தள்ளாடத் தொடங்கியது. வேகத்தைக் குறைக்க நிமிர்ந்து உட்கார்ந்தார், காற்று மூக்குக் கண்ணாடியைப் பிய்த்தெறிந்தது, கண்ணே தெரியவில்லை. வேறு வழியின்றி வண்டியைச் சாய்த்தார். சில சிராய்ப்புகளோடு எழுந்து வந்தாராம்! எந்த வைத்தியர் இதற்கு அனுமதி கொடுத்திருப்பார் என்பது யோசிக்க வேண்டிய விஷயம். அந்த ஆண்டு 1000 சி.சி.க்குட்பட்ட வகுப்பில் 183.59 மைல் என்று அவருடைய சாதனை பதிவாயிற்று.

முன்ரோ 1978-ல் காலமானார். 2005-ல் அவருடைய கதை சினிமாவாக வந்தது. ஆன்டனி ஹாப்கின்ஸ் முன்ரோவாக நடித்தார். இன்வர்கார்கிலில் ஓர் இரும்புச் சாமான் கடையில் அவருடைய வண்டியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். 2014-ல் அவருடைய மகன் அந்தப் பழைய பதிவைப் புரட்டிப் பார்த்து, சராசரிக் கணக்கில் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார். சாதனை 184.087 மைல் என்று திருத்தப்பட்டது. ஆக, ஏறத்தாழ அரை மைல் வேகம் 47 ஆண்டுகள் கழித்து அவர் கணக்கில் சேர்ந்தது.