அணிற் சேதமும் துப்பாக்கித் தெரிவும்

கடலூர் ஜில்லாவில் நெய்வேலி, பண்ருட்டி, விருத்தாசலம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த செம்மண் மேட்டு நிலங்கள் முந்திரிக்கும் பலாவுக்கும் பெயர்பெற்றவை என்பது குடியானவர் யாவரும் அறிந்த விஷயமே. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டு, 1961-ஆம் ஆண்டில் முதன்முதலாக நிலக்கரி வெளிப்பட்ட பின்னர், இந்நிலத்தின் ஒரு பகுதி சுரங்கமாகவும் மற்றொரு பகுதி நகரியமாகவும் மாறியது. நகரியத்தின் வீட்டுத் தோட்டங்களில் மா, பலா, கொய்யா, தென்னை, முருங்கை முதலியன செழித்து வளர்கின்றன. மரம் செழிக்கும் இடத்தில் அணிலும் செழிக்கும்.

பழுக்கும் தறுவாயில் கொய்யா ஒவ்வொன்றாகக் கொறிபட்டு விழுவதைக் காணும் தோட்டக்காரர், எவ்வகைத் துப்பாக்கி வாங்கினால் இத்தொல்லை தீரும் என்று வினவுவது இயல்பே. ஆண்டு முழுவதும் நீரும் எருவும் இட்டுக் காத்த பலன் கண்ணெதிரே போவதை எவரும் பொறார். ஆயினும் துப்பாக்கிக்குப் பணம் செலவிடுமுன் ஆராய வேண்டியவை மூன்று. சேதம் அணிலாலேதான் நேர்ந்ததா? எந்தத் துப்பாக்கி என்ன செய்யும்? சட்டம் எதற்கு இடந்தருகிறது? இவற்றை முறையே காண்போம்.

சேதத்தை இனங்காணுதல்

அணில் பகலில் நடமாடும் பிராணி. காலையிலும் மாலையிலும் அதன் ஊக்கம் மிகுதி. எலியும் பழந்தின்னி வௌவாலும் இரவில் வருவன. ஆகையால் மாலையில் பழங்களை எண்ணி வைத்து, விடியுமுன் மீண்டும் எண்ணிப் பார்த்தால் பாதி ஐயம் தீரும். மரத்தடியில் மென்று துப்பிய சக்கை உருண்டைகள் கிடந்தால் அது வௌவாலின் வேலை. இளந்தேங்காய் காம்பின் அருகே துளையுற்று விழுந்திருந்தால் பெரும்பாலும் எலியே காரணம். கிளியும் பகலிலேயே வருமாயினும், அது பழத்தை அலகால் கீறிப் பிளந்து வீணாக்கும். அணிலோ சிறு பல் தடம் பதியக் கொறிக்கும். இவ்வேறுபாட்டை அறியாதவர் இரவில் வந்தவற்றின் குற்றத்துக்குப் பகலில் வந்ததைத் தண்டிப்பர், சேதமோ குறையாது.

தமிழ்நாட்டுச் சமவெளிகளில் காணப்படுவது முதுகில் மூன்று வெண்கோடுகள் கொண்ட அணில். இராமர் அணைக் கதையால் நம் சிறுவர்க்கும் இது பழகிய பிராணி. பழமும் விதையும் மட்டுமன்றிப் பூச்சி புழுக்களையும் இது உண்ணும். சினைக்காலம் ஏறத்தாழ 5 வாரம். ஓர் ஈற்றில் இரண்டு மூன்று குட்டிகள் பிறக்கும். எனவே ஒரு மரத்தில் இரண்டைக் கொன்றாலும், அடுத்த தோட்டத்து அணில்கள் அவ்விடத்தை விரைவில் நிரப்பிவிடும்.

துப்பாக்கி வகைகள்

வாய்வழியாக மருந்திட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியே நம் நாட்டுப்புறத்தில் பழமையானது. நரிக்குறவர் மக்கள் காடை, கௌதாரி, அணில் முதலியவற்றை வேட்டையாட இதனையே கையாண்டு வந்தனர். 2023-ஆம் ஆண்டில் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்ட இம்மக்களுள் பலர் இந்நாளில் பாசிமணி வியாபாரத்தால் வாழ்கின்றனர். இத்துப்பாக்கியில் ஒரு வெடிக்குப் பின் மறு வெடிக்கு நேரம் பிடிக்கும். மருந்தின் அளவு மிஞ்சினாலோ, குழல் துருப்பிடித்திருந்தாலோ, சுடுபவரின் கையையும் கண்ணையும் அது பறித்துவிடும்.

12 போர் துப்பாக்கி இரண்டாவது. குழலின் விட்டத்துக்குச் சரியான ஈயக் குண்டுகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை ஆகும் என்பதால் அதற்கு அப்பெயர் வந்தது. சிறு பிராணிகளுக்குரிய தோட்டா ஒன்றில் இருநூறுக்கு மேற்பட்ட ரவைகள் இருக்கும். அவை விரிந்து செல்லுமாகையால் அணிலோடு பூவும் பிஞ்சும் கொழுந்தும் சேதமுறும். தப்பிய ரவைகள் ஏறக்குறைய 200 மீட்டர் தூரம் வரை சென்று விழக்கூடும்.

மூன்றாவது .22 ரைபிள். அமெரிக்காவில் அணிலை உணவுக்காக வேட்டையாடுவோர் பெரிதும் விரும்புவது இது. ஆனால் அங்கே வேட்டை நடப்பது பரந்த காடுகளில். அதற்கெனப் பருவமும் அனுமதியும் உண்டு. இதன் குண்டு ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லவல்லது. அணிலோ கிளையின்மேல் இருப்பது. எனவே குழல் வானை நோக்கியே இருக்கும். குறி தவறிய குண்டு எங்கே விழும் என்று சொல்ல ஒருவராலும் இயலாது. தெருக்களும் பள்ளிகளும் மின்கம்பிகளும் நெருங்கிய நெய்வேலி போன்ற நகரியத்தில் இதனை நினைத்துப் பார்க்கவும் தகாது.

நான்காவது காற்றுத் துப்பாக்கி. வெடிமருந்து இன்றி, அழுத்திய காற்றால் சிறு ஈயக் குண்டை இது செலுத்தும். 20 ஜூல் ஆற்றலுள்ள துப்பாக்கி, அரை கிராம் குண்டை வினாடிக்கு ஏறத்தாழ 280 மீட்டர் வேகத்தில் விடும். இது விளையாட்டுப் பொருளன்று. தோலைத் துளைக்கவும், குழந்தையின் கண்ணை என்றென்றைக்கும் கெடுக்கவும் வல்லது. மேலும் குண்டு தலையில் தைக்காது வயிற்றில் தைத்தால், அணில் பொந்துக்குள் சென்று பல மணி நேரம் துன்புற்று மடியும்.

சட்டத்தின் நிலை

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி முதல் மூன்று வகைகளுக்கும் உரிமம் அவசியம். உண்மையான பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க அச்சட்டத்தின் 13-ஆம் பிரிவு இடந்தருகிறது. 21 வயது நிரம்பாதவர் உரிமம் பெறுதல் இயலாது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை.

இங்கேதான் பலர் மயங்குகின்றனர். துப்பாக்கியை வைத்திருக்க உரிமம் வேண்டாம் என்பது, அதனால் எப்பிராணியையும் சுடலாம் என்பதாகாது. வேட்டையைப் பற்றிய சட்டம் வேறு. அது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம். அச்சட்டத்தில் முன்பு தீங்குயிர்களுக்கென இருந்த ஐந்தாம் அட்டவணையில் காகம், பழந்தின்னி வௌவால், சுண்டெலி, எலி ஆகியவையே காணப்பட்டன. அணில் அதில் இடம்பெற்றதில்லை. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அந்த அட்டவணையே நீக்கப்பட்டது. பிராணிகளை வதைத்தலைத் தண்டிக்கும் 1960-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. ஆகவே அணில் மீது குறிவைக்க எண்ணுபவர் முதலில் வனத்துறை அலுவலகத்தை எழுத்து மூலம் கேட்டறிவது கடமை.

இங்கிலாந்தில் காற்றுத் துப்பாக்கியால் சாம்பல் அணிலைச் சுடுகிறார்களே என்று சிலர் கூறலாம். அவ்வணில் 1876-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. அந்நாட்டுச் செவ்வணிலை ஒடுக்கிக் காட்டு மரங்களின் பட்டையை உரிப்பது. நம் அணிலோ இம்மண்ணுக்கே உரியது. பருந்து, பாம்பு, பூனை ஆகியவை அதன் பெருக்கத்தை இங்கே அடக்கி வருகின்றன.

கைக்கொள்ளத்தக்க உபாயங்கள்

தனித்து நிற்கும் தென்னையில், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், 40 சென்டிமீட்டர் அகலமுள்ள வழவழப்பான தகட்டைச் சுற்றி அடித்தால் எலியும் அணிலும் ஏறமாட்டா. ஆனால் அண்டை மரத்து மட்டையோ கிளையோ தொட்டுக்கொண்டிருந்தால் தகட்டால் பயனில்லை. முதலில் அவற்றைக் கழித்துவிட வேண்டும். கூரையையும் சுற்றுச்சுவரையும் தொடும் கிளைகளுக்கும் இதுவே விதி.

கொய்யா, மாதுளை ஆகியவற்றைக் காய்ப் பருவத்திலேயே உறையிட்டுக் கட்டுதல் நன்று. உறை காற்றோட்டமுள்ளதாக இருத்தல் வேண்டும். இன்றேல் காய் அழுகும். பலாவை ஓலைக் கூடையாலோ கோணியாலோ மூடலாம். சிறு மரங்களுக்கு வலை போர்த்தலாம். அதில் பறவையோ பாம்போ சிக்காதிருக்க நாள்தோறும் பார்வையிடுக. மாவையும் பலாவையும் மரத்தில் பழுக்க விடாது, முற்றியவுடன் பறித்துப் பழுக்க வைப்பது எல்லாவற்றினும் எளிது. உதிர்ந்த பழங்களை அன்றாடம் அகற்றுக. நச்சுத் தீனி வைத்தல் கூடவே கூடாது. அதை நாயும் மயிலும் உண்டு மடியும், குழந்தைகளுக்கும் ஆபத்து.

இவ்வளவும் செய்த பின்னரும் சில பழங்கள் அணிலுக்குப் போகும். அந்நட்டத்தைக் கணக்கிட்டு, துப்பாக்கி, குண்டு, உரிமம், அண்டை வீட்டாரோடு நேரும் வழக்கு ஆகியவற்றின் செலவோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராக. வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்க்குத் துப்பாக்கியால் ஆதாயம் இல்லை என்பது அப்போது விளங்கும். குறிபார்த்துச் சுடும் பழக்கத்தில் விருப்பமுள்ளவர் காற்றுத் துப்பாக்கி வாங்குவதாயின், பின்னால் மண்சுவர் எழுப்பிய இடத்தில், பெரியவர் மேற்பார்வையில், காகிதக் குறியைச் சுடுக. தோட்டத்தைக் காக்கத் தகடும் உறையும் வலையுமே போதும்.