கோட்டை எங்கே? முள் காட்டைக் காட்டும் பழவேற்காடு!

திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒரு பக்கம் ஏரி. மறு பக்கம் கடல். நடுவே மீனவர் குடியிருப்புகள், மசூதிகள், கோவில்கள், மாதா கோவில்.

அந்த ஊரில் போய் "கோட்டை எங்கே?" என்று கேட்டால், ஒரு முள் காட்டைக் காட்டுவார்கள்.

ஆம், முள் காடுதான்! கொஞ்சம் மண்மேடு. சுற்றிலும் பழைய அகழி. ஒரு காலத்தில் பீரங்கிகள் முழங்கிய கோட்டையில் மிஞ்சியது அவ்வளவுதான்.

கட்டியவர்கள் யார்?

டச்சுக்காரர்கள். ஒல்லாந்தர் என்றும் சொல்வார்கள். 1610-ம் ஆண்டில் சந்திரகிரி அரசர் வேங்கடபதி ராயர், பழவேற்காட்டில் வியாபாரம் செய்ய அவர்களுக்கு அனுமதி கொடுத்தார். சாந்தோமில் இருந்த போர்ச்சுக்கீசியருக்கு இது பிடிக்கவில்லை. 1612-ல் வந்து, டச்சுக்காரரின் பண்டகசாலையைத் தாக்கினார்கள்.

அதன் பிறகுதான் கோட்டை எழும்பியது. ஆண்டு 1613. ஆங்கிலேயர் சென்னையில் இடம் வாங்கியது 1639-ல். அதற்கு 26 ஆண்டு மூத்தது இந்தக் கோட்டை! அதன் தலைவர் வெம்மர் வான் பெர்கெம். அவருடைய சொந்த மாகாணத்தின் பெயரை ஒட்டி, கோட்டைக்கு "கெல்டிரியா" என்று பெயர் வைத்தார்கள்.

துணி மோகம்

கடல் தாண்டி வந்தவர்களுக்கு இங்கே என்ன வேலை? துணிதான் காரணம். கிராம்பும் ஜாதிக்காயும் விளையும் கிழக்குத் தீவுகளில், நம் நெசவாளர் நெய்த சாயத் துணி என்றால் உயிர். துணியைக் கொடுத்து வாசனைச் சரக்கை வாங்கினார்கள். மலேயாவில் கட்டம் போட்ட கைலிக்கு "பெலெக்கட்" என்று பெயர். எல்லாம் நம் பழவேற்காட்டின் பெயர்தான்! இன்றும் அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

கோட்டையில் காசு அடித்தார்கள். ஊரில் வெடி மருந்தும் செய்தார்கள்.

அபிரகாம் ரொஜேரியஸ் என்ற பாதிரியார் 1632 முதல் 10 ஆண்டுகள் இங்கே இருந்தார். பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு, நம் மக்களின் வழிபாடு, பழக்க வழக்கம் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அவர் இறந்த பிறகு, 1651-ல் அது டச்சு மொழியில் புத்தகமாக வந்தது. பர்த்ருஹரியின் நீதிமொழிகளும் அதில் இருந்தன.

மனிதரையும் விற்றார்கள்!

கப்பலில் துணி மட்டும் போகவில்லை. மனிதர்களும் போனார்கள், அடிமைகளாக!

சோழமண்டலக் கரையில் பஞ்சம் வந்த போதெல்லாம் இந்த வியாபாரம் சூடு பிடித்தது. பசி தாங்காமல் தங்களையே விற்றவர்கள் உண்டு. பெற்ற பிள்ளைகளை விற்றவர்களும் உண்டு. பழவேற்காடு போன்ற துறைமுகங்களில் இருந்து ஆயிரக்கணக்கானோரைக் கப்பலில் ஏற்றி, பட்டேவியாவுக்கு அனுப்பினார்கள். இன்றைய ஜகார்த்தாதான் அது. ஊர் அழும் நேரத்தில் லாபம் பார்த்த கோட்டை இது.

கோட்டை போனது எப்படி?

1690-ல் டச்சுக்காரர் தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். பழவேற்காட்டின் மவுசு குறைந்தது. 1781-ல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்தார்கள். திருப்பிக் கொடுத்தார்கள். 1795-ல் மறுபடியும் பிடித்தார்கள். 1806-ல் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். 1818-ல் ஊர் மீண்டும் டச்சுக்காரரிடம் போனது. கோட்டை இல்லாத ஊரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1825-ல் அதையும் ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டார்கள்.

வாசலில் எலும்புக்கூடு

கோட்டை போனாலும் டச்சுக்காரரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ளது. வாசலில் இரு புறமும் எலும்புக்கூடு செதுக்கி இருக்கிறார்கள். பார்க்கும் குழந்தைகள் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொள்ளும்! உள்ளே பெரிய பெரிய கல் பலகைகள். அவற்றில் பெயரும் ஆண்டும் டச்சு எழுத்தில் அழகாக வெட்டப்பட்டுள்ளன.

பட்டேவியாவுக்குக் கப்பல் ஏறியவர்களுக்கு அங்கே ஒரு கல்லும் கிடையாது.

சென்னையில் இருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி, பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்கு பஸ் உண்டு. குளிர்காலத்தில் போனால், ஏரியில் பூநாரைக் கூட்டத்தையும் பார்க்கலாம். ஊர்ப் பெண்கள் பனை ஓலையில் பின்னும் பெட்டிகள் விலைக்குக் கிடைக்கும். கோட்டை மேட்டுக்குப் போகிறவர்கள் செருப்பைக் கழற்ற வேண்டாம். முள் அதிகம்.