பலகையைச் சுட்டார்கள்!

ஆற்றங்கரையில் ஒரு பலகை. அதில் நாலைந்து வரி எழுத்து. அது கத்தி தூக்கவில்லை, கலகம் மூட்டவில்லை, எவன் வழியையும் மறிக்கவில்லை. ஆனாலும் அதைச் சுட்டார்கள், தோழர்களே! மீண்டும் மீண்டும் சுட்டார்கள். துளைகளை எண்ணிப் பார்த்தபோது, 317!

பேசாத பலகை மீது ஏன் இத்தனை ஆத்திரம்? அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவில், மிசிசிப்பி மாநிலத்தில் டாலஹாட்சி என்றொரு கவுண்டி. நம் மாவட்டம் போன்றதோர் ஆட்சிப் பிரிவு. பருத்தி விளையும் பூமி. பருத்தியைப் பறித்த கை கருப்பு. பணத்தை எண்ணிய கை வெள்ளை.

ஊர் வரலாற்றைப் பலகையில் எழுதிச் சாலையோரத்தில் நட்டு வைப்பது அந்நாட்டு வழக்கம். எவனுக்குப் பலகை இருக்கிறது, எவனுக்கு இல்லை என்று பார்த்தால் போதும். அந்த ஊரில் யார் கை ஓங்கியிருந்தது என்பது விளங்கிவிடும்.

அந்தக் கவுண்டியிலே சம்னர் என்றோர் ஊர். அங்குள்ள நீதிமன்ற வளாகத்தில் 1913-இல் ஒரு சிலை எழுந்தது. யாருக்கு? அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலப் படைவீரனுக்கு! ஊருக்கு ஒரு விளம்பர வாசகமும் இருந்தது: ஆண்பிள்ளையை வளர்க்க ஏற்ற நல்ல ஊராம்!

நல்ல ஊரின் யோக்கியதையைக் கேளுங்கள்.

1955 ஆகஸ்டு. சிகாகோ நகரிலிருந்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்தான் எம்மெட் டில் என்ற கருப்பினச் சிறுவன். வயது 14. பக்கத்துக் கவுண்டியில் ஒரு கடையிலே வெள்ளைக்காரப் பெண்ணைப் பார்த்துச் சீட்டியடித்தான் என்று பழி. 28-ஆம் நாள் நள்ளிரவில் வெள்ளையர் இருவர் வந்து அவனை இழுத்துச் சென்றனர். அடித்தார்கள்; சுட்டார்கள்; பருத்தி அரவை எந்திரத்தின் கனத்த விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் எறிந்தார்கள். மூன்றாம் நாள் பிணம் மிதந்தது.

பெற்றவள் மேமி, சவப்பெட்டியை மூடச் சம்மதிக்கவில்லை. சிதைந்த முகத்தை உலகமே பார்க்கட்டும் என்றாள். பல்லாயிரவர் பார்த்தனர், பதறினர்.

வழக்கு சம்னரில் நடந்தது. கவுண்டியில் பெரும்பாலோர் கருப்பர். ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளை ஆண்கள்! காரணம் என்ன? வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஜூரி ஆகலாம். கருப்பருக்கோ பட்டியலின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. வாக்குரிமை பறிபோனால் நீதியும் பறிபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்த மன்றத்திலும் ஒரு மாவீரர் எழுந்தார். பையனின் தாத்தா முறை உறவினர், வாரத்துக்குப் பயிரிட்ட உழவர், மோஸ் ரைட். ஊரே பகையாகும், உயிரே போகும் என்று தெரிந்திருந்தும், கொலைகாரனை நோக்கி விரல் நீட்டினார். பின்னர் மிசிசிப்பியை விட்டே வெளியேற நேர்ந்தது.

67 நிமிடத்தில் தீர்ப்பு: விடுதலை! இடையில் சோடா குடிக்க நின்றிராவிட்டால் இவ்வளவு நேரமும் ஆகியிராது என்றாராம் ஜூரிகளில் ஒருவர். 1956 சனவரியில், காசு வாங்கிக்கொண்டு, ‘லுக்’ என்ற ஏட்டில் கொலையை ஒப்புக்கொண்டனர் அந்த இருவரும். ஒரு முறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுமுறை விசாரிக்கக் கூடாதாம்! சட்டம் சும்மா இருந்தது.

அரை நூற்றாண்டு அந்த மண் வாய் திறக்கவில்லை. 2005-இல்தான் ஒரு நெடுஞ்சாலைக்குச் சிறுவனின் பெயர் வந்தது. பிறகு, கவுண்டி ஆட்சிக் குழுவின் முதல் கருப்பினத் தலைவரான ஜெரோம் லிட்டில் முன்னின்று, இரு இனத்தவரும் அமர்ந்த நினைவுக் குழுவை அமைத்தார். 2007 அக்டோபர் 2-ஆம் நாள், அநீதி நடந்த அதே நீதிமன்றத்தின் முன்னே, கவுண்டியின் பெயரால் வருத்தம் தெரிவித்து அறிக்கை படிக்கப்பட்டது. வழியெங்கும் பலகைகள் நட்டார்கள்.

உடல் கரையேற்றப்பட்டதாகக் கருதப்படும் கிராபால் துறையிலும் ஒரு பலகை. 2008-இல் அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தனர். பையனை எறிந்த அதே ஆற்றில்! இரண்டாவது பலகையில்தான் அந்த 317 துளைகள். மூன்றாவதை 2018-இல் வைத்தார்கள். 35-ஆம் நாளே சுட்டார்கள். குழு சோர்ந்ததா? இல்லை! 2019 அக்டோபரில் நான்காவது பலகை நின்றது. குண்டு துளைக்காத எஃகு. எடை 500 பவுண்டுக்கு மேல். துளைபட்ட இரண்டாம் பலகையோ, 2021-இல் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் சாட்சியாக நின்றது. 2023-இல் அந்தத் துறையும் நீதிமன்றமும் தேசிய நினைவுச் சின்னமாயின.

கொன்றவர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. அந்தப் புண் ஆறாது. ஆனால் குற்றவாளிகளைத் தப்பவிட்ட கவுண்டியே, தன் குற்றத்தைத் தன் கையால் எழுதித் தன் தெருவிலே நட்டதே, அது சிறிய செயலா? பொய்க்குச் சிலை வைப்பது எளிது. உண்மைக்குப் பலகை வைக்க எஃகு வேண்டியிருந்தது. அதைவிட உறுதியான நெஞ்சமும் வேண்டியிருந்தது.

தோழர்களே, நாளை வேலைக்குப் போகும் வழியில் தெருப் பெயர்களையும் சிலைகளையும் சற்றே நின்று பாருங்கள். அந்தத் தெருவை வெட்டியவன் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால், ஏன் இல்லை என்று உரக்கக் கேளுங்கள்!