'ஸ்டிரைக்' என்னும் பதம்

மணலி புதுநகரிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கெழுதிய கடிதத்தில் சிறு வினாவொன்றை விடுத்திருக்கிறார். அவர் வேலை செய்யுமிடத்தில் மேஸ்திரி ஒருவர், "ஸ்டிரைக் என்றால் இங்கிலீஷில் அடி என்று அர்த்தம், ஆகவே ஸ்டிரைக் செய்கிறவன் முதலாளியை அடிக்கிறவன்" என்று வியாக்கியானம் செய்தாராம். இது மெய்தானா என்பது அன்பரின் கேள்வி. அகராதியைப் புரட்டி ஒரே வரியில் விடை எழுதிவிடலாம். ஆனால் இந்தப் பதத்தைப் பற்றிய தப்பெண்ணம் ஆலை வாசலோடு நிற்பதில்லை. சட்டசபைகளிலும் நியாயஸ்தலங்களிலும் புகுந்து ஏழையின் சோற்றிலே கை வைக்கிறது. ஆதலின் சற்று விரித்தே எழுதத் துணிந்தோம்.

'ஸ்டிரைக்' என்பதற்கு அடித்தல் என்ற பொருள் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும் பழைய இங்கிலீஷில் அப்பதம் தடவுதல், மெல்லத் தேய்த்துச் செல்லுதல் என்ற பொருளையே முதலில் தாங்கி நின்றது. அதன் உடன்பிறப்பாகிய ஜெர்மன் 'ஷ்ட்ரைஹன்' இன்றைக்கும் தடவுதல், பூசுதல் என்றே வழங்குகிறது. கப்பற்காரர் பேச்சிலோ இதற்கு வேறொரு பொருள்: பாயையோ கொடியையோ கீழே இறக்குதல். 1768-ம் வருஷத்தில், கூலி போதாமல் வருந்திய லண்டன் துறைமுகத்து மாலுமிகள் வியாபாரக் கப்பல்களில் ஏறிப் பாய்களை இறக்கி, அவை நகரவொட்டாமற் செய்தனர். வேலையை நிறுத்துவதற்கு 'ஸ்டிரைக்' என்ற பெயர் அந்நிகழ்ச்சியினின்றே பிறந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் பெரும்பாலோர் கொள்கை. ஆக, மேஸ்திரி கண்ட 'அடி' இங்கே இல்லை. காசிமேட்டிலும் எண்ணூரிலும் பாய் விரித்துக் கடலோடிய முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: பாயை இறக்கியவன் யாரையும் அடிக்கவில்லை, கட்டுமரம் நின்றுவிடும், அவ்வளவே. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கடற்போரில் கொடியை இறக்குவது சரணாகதிக்கு அடையாளம். சரணாகதிக்குரிய அந்தச் சொல்லையே எதிர்ப்புக்குரிய சொல்லாக மாற்றிவிட்டார்கள் அந்த ஏழை மாலுமிகள்!

கால்வாயைக் கடந்து பிரெஞ்சு தேசத்திற்குச் சென்றால் கதையே வேறு. அங்கே வேலைநிறுத்தத்திற்குக் 'க்ரேவ்' என்று பெயர். க்ரேவ் என்றால் மணலும் கூழாங்கல்லும் பரந்த கரை. பாரிஸ் நகரில் ஸேன் நதியோரத்தில் அப்படிப்பட்ட கரையை ஒட்டி ஒரு சதுக்கம் இருந்தது. அதற்குக் க்ரேவ் சதுக்கம் என்று பெயர். படகுகளிலிருந்து சரக்கிறக்கும் இடம் அது. ஆகையால் வேலையற்றவர்கள் அங்கே கூடிக் கூலிக்கு அழைப்பவரை எதிர்பார்த்து நிற்பார்கள். 'க்ரேவில் இருத்தல்' என்றால் முதலில் வேலையின்றிக் காத்திருத்தல் என்பதே பொருள். வேலை கிடைக்காமல் நின்றவனைக் குறித்த சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டில், நியாயமான கூலி கிடைக்காததால் வேலையை விட்டு வந்து நின்றவனைக் குறிக்கலாயிற்று. அதே சதுக்கத்தில்தான் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவதும் வழக்கம். 1792 ஏப்ரல் 25-ந் தேதி கில்லட்டின் யந்திரம் முதன்முதல் தலை கொய்தது அங்கேதான். பின்னர் சதுக்கத்தின் பெயர் மாறி இப்போது நகர மண்டபச் சதுக்கமாக விளங்குகிறது. பழைய பெயர் தொழிலாளர் வாயில் மட்டும் நிலைத்துவிட்டது.

மணலி அன்பருக்கு இது அந்நிய விஷயமாகத் தோன்ற வேண்டியதில்லை. அவர் ஊரின் பெயரிலேயே மணல் கிடக்கிறது. விடியற்காலையில் வடசென்னைச் சாலை முனைகளில் கரணையும் சட்டியுமாய்க் கூலிக்குக் காத்து நிற்கும் கொத்தனார்களையும் சித்தாள்களையும் பழைய பாரிஸ்காரன் கண்டால், 'இவர்கள் க்ரேவில் இருக்கிறார்கள்' என்றே சொல்லியிருப்பான். 1923 மே 1-ந் தேதி சிங்காரவேலர் இந்நாட்டில் முதன்முதலாக மே தினம் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரை மணலிலேயே.

ஸ்பானியர் சொல் 'உவெல்கா'. இது எல்லாவற்றிலும் நமக்கு இனியது. இதன் வேர் லத்தீனில் உலைத்துருத்தியைக் குறிக்கும் சொல். ஓடிக் களைத்தவன் துருத்திபோல் மூச்சு வாங்குகிறான், மூச்சு வாங்க உட்காருகிறான், உட்காருவது ஓய்வாகிறது, ஓய்வு வேலைநிறுத்தமாகிறது. இதே சொல் ஸ்பெயினின் தென்கோடியில் உச்சரிப்புத் திரிந்து 'ஹுவெர்கா' என்றாகிக் குடியும் கூத்துமான கேளிக்கையைக் குறிக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். மேஸ்திரிக்கு அது உதவக்கூடும்! இத்தாலியரின் 'ஷோபெரோ', கிரேக்கரின் 'அபெர்கியா' ஆகிய இரண்டும் வேலையை விட்டு விலகுதல் என்னும் நேர்ப்பொருளுடையவை. டச்சுக்காரரும் பின்லாந்துக்காரரும் 'நிறுத்துதல்' என்றே சொல்கின்றனர். ருஷ்யரின் 'ஸபஸ்தோவ்கா'வுக்குள் 'பாஸ்தா' என்னும் இத்தாலியச் சொல் ஒளிந்திருக்கிறது. அதற்குப் 'போதும்' என்று அர்த்தம். சீட்டாட்டத்தை முடித்து எழுகிறவன் சொல்லும் வார்த்தை. ஜெர்மானியர், போலந்தியர், ஹங்கேரியர், ஸ்வீடன் தேசத்தார் ஆகியோர் இங்கிலீஷ் பதத்தையே தத்தம் நாவுக்கேற்ப வளைத்துக்கொண்டனர். அந்தக் கப்பற்பாயை ஒதுக்கினால், ஐரோப்பா கண்டத்தில் நாம் கண்டதெல்லாம் மணற்கரை, மூச்சு, விலகல், 'போதும்' இவையே.

நம் நாட்டில் 'ஹர்த்தால்' என்றால் கடைக்குப் பூட்டு. 1919 மார்ச்சில் மகாத்மா சென்னையில் தங்கியிருந்தபோதுதான், ரௌலட் சட்டத்தை எதிர்த்துத் தேச முழுவதும் ஹர்த்தால் அனுஷ்டிக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. தமிழில் 'வேலைநிறுத்தம்' என்கிறோம். அலங்காரமற்ற சொல், ஆனால் பொய் சொல்லாத சொல்.

நிற்க. சட்டம் இச்சொல்லை எவ்வாறு கையாண்டது? 1908-ல் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளர், வ. உ. சிதம்பரம் பிள்ளையின் துணைகொண்டு வேலையை நிறுத்தி வெற்றி கண்டபோது அவர்களைக் காக்கச் சட்டம் ஏதும் இல்லை. 1918-ல் வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மூன்று வருஷத்திற்குள், பெரம்பூர் ஆலை முதலாளிகள் அவர் மீது ஹைகோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். தொழிலாளரை ஒப்பந்தத்தை முறிக்கத் தூண்டினார் என்பது குற்றச்சாட்டு, தடையுத்தரவும் பிறந்தது. 1921-ல் அதே பெரம்பூர் ஆலைகளில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது போலீஸார் சுட்டதில் மனிதர்கள் மாண்டார்கள். அடி விழுந்தது யாருக்கு என்று மேஸ்திரியை ஒரு வார்த்தை கேட்கலாம். வாடியா வழக்கின் விளைவாக எழுந்த கிளர்ச்சி 1926-ல் தொழிற்சங்கச் சட்டமாயிற்று. பதிவுபெற்ற சங்கத்தின் மீது அத்தகைய சிவில் வழக்கு செல்லாது என்று அதன் 18-வது பிரிவு கூறியது. வக்கீல் தொழிலிலிருந்து பத்திரிகைக்கு வந்த நமக்கு அந்தப் பிரிவின் மீது தனிப் பிரியம் உண்டு.

பிரெஞ்சுக்காரர் 1946-லும், இத்தாலியர் 1948-லும், ஸ்பானியர் 1978-லும் தத்தம் அரசியல் சாஸனங்களில் வேலைநிறுத்த உரிமையைப் பெயர் சொல்லி எழுதிவைத்தனர். நம் சாஸனம் சங்கம் அமைக்கும் உரிமையோடு நின்றுவிட்டது. அதன் பலனை 2003-ல் தமிழ்நாடு கண்டது. அவ்வருஷம் ஜூலையில் சுமார் 1,70,000 அரசு ஊழியர் வேலையினின்று நீக்கப்பட்டனர். ஆகஸ்டு 6-ல் சுப்ரீம் கோர்ட்டு, அவர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மிக உரிமையோ இல்லை என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலோர் பிற்பாடு வேலைக்குத் திரும்பினர் என்பது வேறு விஷயம். அந்தத் தீர்ப்பிலும் வேலைநிறுத்தம் ஓர் ஆயுதமாகவே பேசப்படுகிறது. மேஸ்திரி தனியாக இல்லை.

1947-ம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம், பலர் கூடி வேலையை நிறுத்துவதையும், கூட்டாக மறுப்பதையும் 'ஸ்டிரைக்' என்றது. முன்னறிவிப்புக் கொடுக்கும் கடமையைப் பொதுநல சேவைத் தொழில்களுக்கு மட்டுமே விதித்தது. 2020-ல் பார்லிமெண்டு இயற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழில்களுக்கும் முன்னறிவிப்பை விதித்ததோடு, ஒரு தொழிலில் உள்ளவர்களில் நூற்றுக்கு 50 பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் பேசிவைத்துச் சாதாரண லீவு எடுத்தாலும் அது 'ஸ்டிரைக்' என்று வகுத்துவிட்டது. ஸ்பானியர் ஓய்வென்ற சொல்லை வேலைநிறுத்தமாக்கினர். நமது சட்டமோ லீவையே ஸ்டிரைக்காக்கியிருக்கிறது. மணலி அன்பர் அந்தச் சட்டத்தின் பிரதியொன்றை மேஸ்திரிக்குக் காட்டட்டும். 'ஸ்டிரைக்'குக் கூறப்பட்டிருக்கும் பொருளில் அடி என்ற பேச்சே இல்லை. லீவு என்ற பேச்சுத்தான் இருக்கிறது.