ஒரு துண்டு போட்டால் தொட்டியே நிரம்புமா? வீட்டில் மென்பவளம் வளர்ப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி ஏறும்போது ரோட்டோரம் கவனித்துப் பாருங்க. மஞ்சளும் ரோஸுமாகக் கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும் உண்ணிச்செடி. பார்க்க அழகுதான். ஆனால், இது இந்த மண்ணின் செடி இல்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இன்று சேர்வராயன் மலை உட்படப் பல காடுகளில் புதராக மண்டிக் கிடக்கிறது.

இதே கதை வீட்டு வரவேற்பறையில் இருக்கும் கடல்நீர்த் தொட்டிக்குள்ளும் நடக்கும். அங்கே உண்ணிச்செடியின் வேலையைச் செய்வது மென்பவளம்.

மென்பவளம் என்றால் என்ன?

பவளம் செடி அல்ல, விலங்கு. பாலிப் எனப்படும் சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாக வாழும் குடியிருப்பு அது. வன்பவளங்கள் சுண்ணாம்பால் கெட்டியான கூடு கட்டும். மென்பவளங்கள் அப்படிக் கட்டுவதில்லை. உடலுக்குள் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் மட்டும் இருக்கும். அதனால்தான் நீரோட்டத்தில் வளைந்து ஆடுகின்றன. ஒவ்வொரு பாலிப்புக்கும் இறகு போன்ற 8 கைகள். இதுதான் அடையாளம்.

ஏன் இவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

பெரிய கூடு கட்டும் செலவு இல்லை என்பது முதல் காரணம். இரண்டாவது, சாப்பாடு. வீட்டில் வளர்க்கப்படும் பெரும்பாலான மென்பவளங்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சம் கிடைத்தால் அவையே உணவு தயாரித்துக் கொடுத்துவிடும். மீனுக்குப் போடும் தீனி அதிகமாகி, தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறினால் பல வன்பவளங்கள் திணறும். ஆனால், ஸீனியா போன்ற மென்பவளங்களுக்கு அது கொண்டாட்டம்.

மூன்றாவது, குட்டி போடும் விதம். பச்சை நட்சத்திரப் பாலிப் அருகம்புல் மாதிரி, பாய் விரித்தபடி பாறையிலிருந்து பாறைக்குத் தாவும். ஸீனியா இரண்டாகப் பிரிந்து நகர்ந்துகொண்டே போகும். கென்யா மரம் எனப்படும் வகை தன் கிளையைத் தானே உதிர்க்கும். விழுந்த இடத்தில் அது ஒட்டி வளரும். தோல்பவளத்தைக் கத்தியால் வெட்டினால், துண்டும் தனியாகப் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு விஷயமும் உண்டு. பல மென்பவளங்கள் டெர்பீன் வகை வேதிப்பொருள்களைத் தண்ணீரில் கலந்துவிடும். பக்கத்து வன்பவளத்தின் வளர்ச்சி இதனால் குன்றும். தொட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தொட்டியைத் தாண்டினால்?

ஆபத்து இங்கேதான். இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த உனோமியா ஸ்டோலோனிஃபெரா என்ற மென்பவளம், வெனிசுவேலாவின் மொச்சிமா தேசியப் பூங்கா கடலில் பரவி, அங்கிருந்த பவளங்களையும் கடற்புல்லையும் போர்வை மாதிரி மூடியது. மீன்தொட்டி வணிகம் வழியாக வந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் சந்தேகம். பின்னர் கியூபாவிலும் இது தென்பட்டது.

நம்ம ஊரிலும் இதற்கு நெருக்கமான பாடம் உண்டு. தொழிலுக்காகப் பாக் நீரிணைப் பகுதியில் வளர்க்கப்பட்ட வெளிநாட்டுக் கடற்பாசி கப்பாபைகஸ். அது மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களை மூடியிருப்பதை 2008இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளில் குருசடையும் ஒன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

வன்பவளங்கள், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் குழல் பவளம், கடல் விசிறி ஆகியவை 2001இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. கடைசி இரண்டும் மென்பவளக் குடும்பத்தின் நெருங்கிய சொந்தங்கள். முதல் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. எனவே வாங்கும் முன், அது என்ன வகை, தொட்டியில் வளர்த்ததா, கடலில் எடுத்ததா, பில் உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஏற்காடு மாதிரி மலையில் வளர்க்க முடியுமா?

முடியும். சென்னையில் தண்ணீரைக் குளிர்விக்கச் சில்லர் தேவைப்படும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் நிலைமை தலைகீழ்: 24 முதல் 26 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைக் காக்க, குளிர்காலத்தில் ஹீட்டர் வேண்டும். கடல்நீருக்குப் பதில், ஆர்ஓ தண்ணீரில் கடலுப்புக் கலவை. தண்ணீர் ஆவியானால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றினால் போதும்.

பரவாமல் தடுப்பது எப்படி?

வேகமாகப் பரவும் வகையை மற்றப் பாறைகளைத் தொடாத தனிக்கல்லில், மணலுக்கு நடுவே வையுங்கள். தீனியைக் குறையுங்கள். ஓரம் தாண்டும்போதே கத்தரியுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மென்பவளத்தோடு சேர்த்து விற்கப்படும் பாலிதோவா போன்ற சோவாந்திடுகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் நஞ்சு இருக்கலாம். பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று வெந்நீரில் கொதிக்க வைத்தால், அந்த ஆவியே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

வெட்டிய துண்டுகளை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, காய்ந்த பிறகு குப்பையில் போடுங்கள். கடலிலோ கழிமுகத்திலோ வீசவே கூடாது. மலையில் இருப்பவர்கள் தொட்டித் தண்ணீரை ஓடையிலோ காப்பித் தோட்டத்திலோ கொட்ட வேண்டாம். அந்த உப்பு மண்ணையும் செடியையும் கெடுக்கும். வளர்க்க முடியவில்லையா? இன்னொரு தொட்டிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள். உண்ணிச்செடியைக் கொண்டுவந்தவர்களுக்கு அது காட்டுக்குள் போகும் என்று தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும்.