ஆயிரத்தில் எத்தனை பேர்?

நாணயத்தை ஆயிரம் முறை சுண்டினால் ஏறக்குறைய எத்தனை முறை தலை விழும்? ஆயிரம் பேரில் 1 சதவீதம் என்றால் எத்தனை பேர்? ஆயிரத்தில் ஒருவர் என்றால் எத்தனை சதவீதம்?

அமெரிக்க மருத்துவத் தம்பதியான லிசா ஷ்வார்ட்ஸும் ஸ்டீவன் வோலோஷினும் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்த மூன்று கேள்விகளைப் பெண்களிடம் கேட்டார்கள். 1997-இல் வெளியான முடிவு: மூன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னவர்கள் 16 சதவீதம், ஒன்றுக்குக்கூடச் சொல்லாதவர்கள் 30 சதவீதம். அநேகமாக எல்லோரும் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள்! கணக்கு வந்தவர்களே, மார்பகப் புற்றுநோயைக் கண்டறியும் மேமோகிராம் பரிசோதனையின் பலனையும் மற்றவர்களைவிடச் சரியாக எடைபோட்டார்கள்.

அந்தப் பலன்தான் என்ன? ‘மார்பகப் புற்றுநோய் மரணத்தை 20 சதவீதம் குறைக்கும்’ என்றால் உடனே ஓடத் தோன்றும். நோய் அபாயங்களை எளிய எண்களில் விளக்கும் ஜெர்மனியின் ஹார்டிங் மையம் அதையே வேறு விதமாகச் சொல்கிறது. ஐம்பது வயது தாண்டிய ஆயிரம் பெண்களில், பரிசோதனை செய்யாவிட்டால் சுமார் பத்தாண்டுகளில் இந்நோயால் இறப்பவர்கள் 5 பேர். செய்தால் 4 பேர். இரண்டும் ஒரே கணக்குதான். ஆனால் முதலாவதைத்தான் விளம்பரத்தில் போடுவார்கள். நோயே இல்லாமல், பரிசோதனை தவறாகக் காட்டியதால் சுமார் 100 பேர் பதறிப்போவதையும், தேவையில்லாத சிகிச்சைக்குச் சிலர் ஆளாவதையும் அதில் சொல்ல மாட்டார்கள்.

மக்களை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. ஜெர்மானிய உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் 160 மகளிர் நல மருத்துவர்களுக்கு மேமோகிராம் பற்றி ஒரு கணக்குக் கொடுத்தார். நூறு பெண்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய். நோயுள்ளவர்களில் 90 சதவீதம் பேரைக் கருவி பிடித்துவிடும். நோயில்லாதவர்களில் 9 சதவீதம் பேரையும் தவறாகக் காட்டும். ‘பாசிட்டிவ்’ வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? பெரும்பாலோர் 80, 90 சதவீதம் என்றார்கள். சரியான விடை பத்தில் ஒன்றுதான். அதைச் சொன்னவர்கள் 21 சதவீதம். சதவீதத்தை விட்டு, ஆயிரம் பேரில் 10 பேருக்கு நோய், அதில் 9 பேர் பிடிபடுவார்கள், மீதி 990-இல் 89 பேர் வீணாக மாட்டுவார்கள் என்று தலைகளாக எண்ணச் சொல்லிக்கொடுத்ததும் 87 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். அப்படியானால் கோளாறு மூளையில் இல்லை, எண்ணைச் சொல்லும் விதத்தில் இருக்கிறது.

இதற்காகப் பரிசோதனையே வீண் என்று கிளம்புவதும் அரைகுறைக் கணக்குதான். கருப்பைவாய்ப் பரிசோதனை புற்றாக மாறும் முன்பே கோளாறைக் கண்டுபிடித்து நீக்க உதவுகிறது. அதன் கணக்கு வேறு. எந்தப் பரிசோதனையானாலும் மருத்துவரிடம் கேளுங்கள்: “ஆயிரம் பேர் செய்தால் எத்தனை பேருக்கு நல்லது, எத்தனை பேருக்குத் தொல்லை?” மார்பில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே போய்க் காட்டுங்கள்.