இசைத்தட்டிலும் பாடபேதம் உண்டு

ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றிய நம் முன்னோர் ஒரு பிரதியை மட்டும் நம்பியவர் அல்லர். 1887 ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும், அதே ஆண்டிற் கலித்தொகையை வெளியிட்ட நம் நாட்டுச் சி. வை. தாமோதரம்பிள்ளையும் பழந்தமிழ் நூல்களுக்காக ஏடுகளைத் தேடித் திரட்டினர், ஒன்றோடொன்றை ஒப்புநோக்கினர், உண்மைப் பாடம் எதுவென ஆராய்ந்து துணிந்தனர். "நூல் ஒன்றுதானே, எந்த ஏடாயினும் என்ன?" என்று அவர்கள் வாளா இருந்திருப்பின், இன்று நாம் வகுப்பறையில் விரித்து வைத்துப் பொருள் சொல்லும் நூல்கள் பிழை மலிந்து கிடந்திருக்கும்.

நூலுக்கு இத்துணை விழிப்புக் காட்டும் நாம் இசைக்கு அதனைக் காட்டுகின்றோமா? ஒரு பழைய பாட்டு இசைத்தட்டில் இருக்கிறது, நாடாவில் இருக்கிறது, இப்போது கைத்தொலைபேசியிலும் இருக்கிறது. "எல்லாம் ஒரே பாட்டுத்தானே" என்கின்றோம். அது சரியன்று. ஒரே பாட்டின் ஒரே பெயர் தாங்கிய இரண்டு தட்டுகள் செவிக்கு இருவேறு பாடங்களைத் தருதல் கூடும். அவற்றை ஒப்பிட்டு ஆராய்வது பொழுதுபோக்கன்று. பதிப்புத் தொழிலின் ஒரு கிளையே என்பது என் கருத்து.

தட்டு பிறக்கும் முறையை அறிந்தால் இப்பேதம் எழும் காரணம் விளங்கும். பழைய முறைப்படி பாடகரின் குரலை ஊசி மெழுகுத் தட்டிற் பள்ளமாக வெட்டும். அம்மெழுகின்மேல் உலோகம் படியச்செய்து ஒரு மறுபடிவம் எடுப்பர். அதிலிருந்து ஒரு தாய்ப்படிவமும், தாயிலிருந்து அழுத்தும் அச்சுகளும் பிறக்கும். கடையிலே நாம் வாங்கும் தட்டு அவ்வச்சின் குழந்தை. பல நூறு தட்டுகளை அழுத்தியபின் அச்சுத் தேயும். வேறோர் அச்சு அதனிடத்தைப் பிடிக்கும். ஆகவே முதலில் வந்த தட்டும் முடிவில் வந்த தட்டும் ஒத்த கூர்மை உடையனவாக இரா. ஏட்டைப் பார்த்து ஏடு எழுதுந்தோறும் எழுத்துச் சிதைவது போன்றதே இதுவும்.

பொருளாலும் பேதம் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டு அரக்கினால் ஆயது. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி தரும் அந்த அரக்குடன் கற்பொடியும் கரியும் கலந்து வார்ப்பர். நாம் இரைச்சல் என்று சலித்துக்கொள்வதில் ஒரு பகுதி அக்கற்பொடியின் மேல் ஊசி உராயும் ஓசையே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரக்குக் கிடைப்பது அரிதானபோது, உடைந்த பழைய தட்டுகளைப் பொடித்து உருக்கிப் புதுத் தட்டு வார்த்தனர். அத்தகைய தட்டில் இரைச்சல் மிகும்.

அரக்கின் கதையிலே வியப்பும் உண்டு. 1902 ஆம் ஆண்டில் கெய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவுக்கு வந்து இந்தியப் பாடகர்களின் குரலைப் பதிந்தார். அப்பதிவுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குக் கப்பலேறித் தட்டுகளாகி மீண்டன. இந்திய அரக்கும் இந்தியக் குரலும் கடல் கடந்து ஒன்றாகித் திரும்பின என்க. 1908 ஆம் ஆண்டிற் கல்கத்தாவின் சியால்தாவிலே தொழிற்சாலை எழுந்தபின்னரே இப்பயணம் நின்றது.

ஊவாவுக்கு இத்தட்டுகள் வந்து சேர்ந்த வழியும் எண்ணத் தக்கது. 1924 ஆம் ஆண்டிற் பதுளைக்குப் புகையிரதம் வந்தது. தெமோதரை, ஹாலிஎல, பசறை, நமுனுகுல என்று மலைமடிப்புகளில் ஒதுங்கிக் கிடந்த தோட்டங்களுக்குப் பட்டினத்துப் பண்டங்கள் வந்து சேர்வது எளிதாயிற்று. லயங்களுக்கு மின்சாரம் எட்டுவதற்கு நெடுங்காலம் சென்றது. ஆயினும் சாவி கொடுத்துச் சுருள்வில்லால் ஓடும் கிராமபோனுக்கு மின்சாரம் எதற்கு? ஒரு காம்பராவிற் பெட்டி பாடினால் லயம் முழுவதும் கேட்கும். எழுத்தறியும் வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு தலைமுறைக்கு இசைத்தட்டே நூலகமாயிற்று. புராணக் கதையையும் தேவாரத்தையும் நாடக மேடைப் பாட்டையும் அவர்கள் கண்ணாற் படித்தாரல்லர், செவியாற் படித்தனர்.

இனி, ஒப்புநோக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். 1945 ஆம் ஆண்டில் வெளிவந்த 'மீரா' திரைப்படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமி பாடிய 'காற்றினிலே வரும் கீதம்' யாவரும் அறிந்தது. இயற்றியவர் கல்கி, இசையமைத்தவர் எஸ். வி. வெங்கட்ராமன். அப்பாட்டின் மூன்று பிரதிகளை நான் அடுத்தடுத்துக் கேட்டேன். ஒன்று, தோட்டத்து வீடொன்றிற் பல்லாண்டு பாடித் தேய்ந்த அரக்குத் தட்டு. மற்றொன்று, மிகுதியாகப் பயிலாத வேறோர் அரக்குத் தட்டு. மூன்றாவது, பிற்காலத்திலே பழம்பாடல்களைத் தொகுத்து வெளியிட்ட வினைல் நீள்தட்டு. ஒலிபெருக்கி ஒன்றே; ஊசி மட்டும் வேறு. அரக்குத் தட்டின் பள்ளம் அகன்றது. அதற்கு முனை அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள ஊசி வேண்டும். நீள்தட்டுக்கு ஆயிரத்தில் ஒரு பங்கே போதும். நீள்தட்டின் ஊசியால் அரக்குத் தட்டைப் பாடவைத்து, "பழைய தட்டு நன்றாக இல்லை" என்று தீர்ப்புச் சொல்லுதல், எழுத்துத் தெரியாதவன் ஏட்டைப் பழிப்பதற்கு ஒப்பாகும்.

தேய்ந்த தட்டில் லயத்துத் தகரக் கூரைமேல் மழை பொழிவது போன்ற இரைச்சல் இருந்தது. ஆனால் அம்மழைக்குப் பின்னே குரல் உயிரோடு நின்றது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குவதும், வல்லின எழுத்து நாவில் உடைவதும், பக்க வாத்தியத்தின் நுனி ஓசையும் தெளிவாகக் கேட்டன. இறுதிப் பகுதியிலோ குரல் மங்கிக் கரகரத்தது. இதற்கும் காரணம் உண்டு. ஊசி உட்சுற்றை அணுகுந்தோறும் அதன் கீழ் ஓடும் பள்ளத்தின் வேகம் குறைந்து, வெளிச்சுற்றின் ஏறத்தாழப் பாதியாகும். அங்கே ஒலி நெருக்கமாக எழுதப்பட்டிருத்தலின் தேய்மானத்தின் கேடு விரைந்து தெரியும். இரண்டாவது தட்டில் முற்பகுதி சற்றே மழுங்கியிருந்தது. முடிவு மட்டும் முழுமையாகக் கேட்டது. ஆக, தொடக்கத்துக்கு ஒரு பிரதியும் முடிவுக்கு மற்றொரு பிரதியும் உத்தம பாடம் தந்தன. முழுமையான பாடம் ஒரே பிரதியில் இல்லை. ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் நாள்தோறும் கண்ட உண்மையன்றோ இது!

மூன்றாவதான நீள்தட்டோ அமைதியே உருவானது. இரைச்சல் இல்லை. முதற்கேள்வியில் இதுவே சிறந்ததென்று எவரும் சொல்வர். மீண்டும் கேட்டபோது குறை புலனாயிற்று. இரைச்சலை நீக்கியவர் அதனோடு உயர்ந்த ஓசைகளையும் வழித்து எடுத்துவிட்டார். சகரமும் தகரமும் கூர் இழந்தன. குரல் கம்பளிக்குள் இருந்து வருவது போலாயிற்று. பூச்சி அரித்த ஏடு, 'இவ்விடத்தில் எழுத்தில்லை' என்று உண்மை உரைக்கும். தெரியாத இடத்தைத் தம் மனம்போல் நிரப்பி அழகாக எழுதிய பிரதியோ குறையை மறைக்கும். இவற்றுள் அறிஞன் எதனை விரும்புவான்? இரைச்சலுள்ள தட்டு பூச்சி அரித்த ஏடு. துடைத்து மெருகிட்ட தட்டு திருத்தி எழுதிய பிரதி.

சுருதியும் மாறியிருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல வேண்டிய தட்டு 82½ சுற்றுச் சுழன்றால், பாட்டு ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்து ஒலிக்கும். குரலின் இயல்பும் உடன் மாறும். மூலத்தை வெட்டிய பொறியே சற்று விலகி ஓடியிருத்தலும் கூடும். ஆதலின் தட்டை மட்டும் நம்பாது, அப்பாடகர் வழக்கமாகப் பாடிய சுருதி எதுவென்பதையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

இஃது ஏதோ நம் பழம்பாட்டுக்கு மட்டும் நேர்ந்த விபத்தென்று எண்ணற்க. பீட்டில்ஸ் குழுவினர் 1967 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' என்னும் புகழ்பெற்ற தட்டு, மோனோ என்றும் ஸ்டீரியோ என்றும் இருவகையாக வந்தது. அதிலுள்ள 'ஷீ இஸ் லீவிங் ஹோம்' என்ற பாட்டு மோனோவில் விரைந்தும் அரைச்சுரம் உயர்ந்தும் ஒலிக்கும். ஸ்டீரியோவில் தாழ்ந்து நடக்கும். மேல்நாட்டு இரசிகர் இவற்றுள் எது மூலம் என்று இன்றும் வாதிடுகின்றனர். எந்த நாட்டில், எந்த அச்சில் அழுத்தப்பட்ட தட்டு என்பதைக் கேட்டே விலை பேசுகின்றனர். மேல்நாடுகள் 78 சுற்றுத் தட்டைக் கைவிட்ட பின்னரும் 1960களில் இந்தியாவில் அக்குழுவினரின் பாடல்கள் அத்தகைய தட்டாகவே வார்க்கப்பட்டன. அவற்றை அவர்கள் தேடி வாங்குகின்றனர். இருபது முப்பது ஆண்டு முன்னர் நம் வீடுகளில் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்தவை எவையென்று நாம் எண்ணிப் பார்த்தோமா?

எண்ணிப் பார்க்க வேண்டிய காரணம் பிறருக்கு இருப்பதினும் நமக்கே மிகுதி. 1964 ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவதென்றும் அது வகுத்தது. அதன்வழி எத்தனையோ குடும்பங்கள் தோட்டத்தைவிட்டுப் புறப்பட்டுத் தலைமன்னாருக்குப் போய்க் கப்பலேறின. ஒரு பெட்டிக்குள் வாழ்க்கையை அடக்க வேண்டியவர், கனத்ததும் கைதவறின் உடைவதுமான இசைத்தட்டை எங்ஙனம் சுமப்பர்? உறவினரிடமும் அயலவரிடமும் விட்டுச் சென்றனர். அவ்வாறு எஞ்சிய தட்டுகளே இன்று பரண்களில் ஈரமும் பூஞ்சணமும் படிந்து கிடக்கின்றன. எங்கள் முன்னோர் என்ன எழுதினர் என்பதற்குச் சான்று குறைவு. என்ன கேட்டனர் என்பதற்கு இத்தட்டுகள் சான்று. அடிக்கடி பாடித் தேய்ந்த பள்ளம், அவ்வீட்டார் எந்தப் பாட்டை எத்துணை விரும்பினர் என்பதையும் சொல்லும்.

ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க சில பணிகள் உள. தட்டு எவ்வளவு தேய்ந்திருப்பினும் எறியாதீர். நடுவிலுள்ள தாளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் இடையே பொறித்த எண்களையும் எழுத்துகளையும் பிழையின்றி எழுதிவையுங்கள். ஏட்டின் இறுதியில் எழுதியவர் இடும் குறிப்பைப் போல, எந்தப் பதிவு, எந்த அச்சு என்பதை அவையே காட்டும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தாற் கழுவாதீர், அரக்குக் கரையும். தட்டுகளை ஒன்றன்மேலொன்று அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். பழைய கிராமபோனின் நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தை நீள்தட்டின்மேல் ஏற்றாதீர். அதன் மென்மையான பள்ளம் ஒருமுறையிலேயே சிதையும். பாடவைக்கும்போது தட்டின் விளிம்பில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, கடிகாரம் பார்த்து ஒரு நிமிடத்துச் சுற்றுகளை எண்ணுங்கள். கணினியிற் பதிவதாயின் துடைக்காத ஒலியை முதலிற் காத்து வையுங்கள். துடைத்த ஒலி அதற்கு உரையாகப் பக்கத்தில் இருக்கலாம், மூலத்தின் இடத்தை அது பிடித்தல் ஆகாது. ஒரே பாட்டுக்கு மூன்று தட்டுக் கிடைப்பின் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்ந்த ஏட்டைத் தேடித் தாமோதரம்பிள்ளையும் சாமிநாதையரும் அலைந்தனர். நமக்கோ அலைச்சல் இல்லை. தேய்ந்த தட்டு அயல்வீட்டுப் பரணிலேயே இருக்கிறது. அதனை இறக்கித் தூசு தட்டிக் கேட்பதற்கு ஒரு பிற்பகல் போதும்.